அகலிகை கேட்ட கேள்வி

செம்மண் நிலத்துக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற நீர்வேலிக்கு இலக்கிய உலகில் இன்னொரு பெருமையும் உண்டு. இவ்வூரிலுள்ள அரசகேசரிப் பிள்ளையார் கோயில், யாழ்ப்பாண அரச குலத்திற் பிறந்த புலவர் அரசகேசரியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. வடமொழியிலே காளிதாசர் இயற்றிய இரகுவம்சத்தைத் தமிழ்க் காவியமாக்கித் தந்தவர் அவர். இரகு குலத்தின் புகழைப் பாட எழுந்த அந்த வடமொழிக் காவியத்தின் 14ஆம் சருக்கத்திலே, அப்புகழையே நிறுத்துக் கேட்கும் ஒரு பெண்ணின் குரல் ஒலிக்கின்றது.

கருவுற்றிருந்த சீதையை, ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சிய இராமனின் ஆணைப்படி, இலக்குவன் கங்கைக்கரைக் காட்டிலே விட்டுத் திரும்புகின்றான். அப்போது அவள் அவனிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்புகின்றாள். அச்செய்தியிலே இராமனை அவள் கணவன் என்று குறிக்கவில்லை. அந்த அரசன் என்றே குறிக்கின்றாள். தீயிலே தூயவளென்று கண்ணெதிரே கண்ட பின்னரும் பிறர் வாய்ச்சொல்லைக் கேட்டு என்னைத் துறந்தது, கற்ற கல்விக்கும் பிறந்த குலத்துக்கும் ஏற்றதோ என்பது அக்கேள்வியின் சாரம். இலக்குவன் அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றான். இராமன் கண்ணீர் உகுக்கின்றான். ஆனால் விடை சொல்லவில்லை. காவியம் மேலே நடந்து விடுகின்றது.

விடை பெறாத இத்தகைய கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய கதைகளைப் பெண்ணின் பக்கத்திலிருந்து மீண்டும் சொல்லும் நாவல்களும் சிறுகதைகளும் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றன. இவை வெறும் நாகரிக மோகமா, அன்றி இலக்கியத்தின் இயல்பான வளர்ச்சியா? நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இவற்றாற் பயன் உண்டா? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

கிரேக்கத்துப் பெண்கள்

மேனாட்டு இலக்கியத்தின் ஊற்றாக விளங்குபவை ஹோமரின் இலியட், ஒடிசி என்னும் இரு காப்பியங்கள். இலியட்டிலே வீரன் அக்கிலிசும் மன்னன் அகமெம்னனும் பகை கொள்வதற்குக் காரணமானவள் பிரிசெயிஸ் என்னும் சிறைப்பட்ட பெண். நாடிழந்து, கணவனையும் உடன்பிறந்தாரையும் இழந்து, வென்றவர் கூடாரத்திலே பரிசுப் பொருளாய் நின்றவள் அவள். அவளுக்காகவே இத்தனை ஆரவாரமும் எழுந்தாலும், 24 பாகங்களைக் கொண்ட அக்காப்பியத்தில் அவள் வாய்திறந்து பேசுவது ஒரே ஓரிடத்தில்தான். 19ஆம் பாகத்திலே, இறந்த பாத்திரோக்கிளசின் உடல்மீது விழுந்து புலம்பும்போது மட்டுமே. ஆங்கில நாவலாசிரியை பற் பாக்கர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலிலே துரோய்ப் போரின் கதையைப் பெரும்பாலும் இந்தப் பிரிசெயிசே சொல்கின்றாள். அதன் பெயரைத் தமிழிற் சொல்வதானால் ‘பெண்களின் மௌனம்’ எனலாம்.

ஒடிசியின் நாயகி பெனலோப்பி. போருக்குச் சென்ற கணவன் ஒடிசியசுக்காக 20 ஆண்டுகள் காத்திருந்தவள். அக்காப்பியத்தின் முதற் பாகத்திலேயே, சபையில் அவள் ஒரு கருத்துச் சொல்ல வர, பெற்ற மகனே அவளைப் பார்த்து உள்ளே போய்த் தறிவேலையைக் கவனிக்கும்படியும், பேச்சு ஆண்களுக்கு உரியதென்றும் கூறிவிடுகின்றான். கணவன் திரும்பி வந்தபின், அவளை மணக்க வந்து அரண்மனையிலே தங்கியிருந்தவரோடு உறவுகொண்ட குற்றத்துக்காகப் பணிப்பெண்கள் 12 பேர் தூக்கிலிடப்படுகின்றனர். அவர்கள் விரும்பிச் சென்றவர்களா, அஞ்சிச் சென்றவர்களா என்று எவரும் விசாரிக்கவில்லை. கனடாவின் புகழ்பெற்ற எழுத்தாளர் மார்கரட் அற்வூட் 2005ஆம் ஆண்டில் எழுதிய சிறு நாவலொன்றிலே பெனலோப்பியும் அந்தப் பன்னிருவரும் இறந்தோர் உலகிலிருந்து தத்தம் கதையைக் கூறுகின்றனர்.

இம்முயற்சி இன்று முளைத்த புதுமை என்று எண்ணுவதற்கில்லை. கி.மு. 415ஆம் ஆண்டிலேயே ஏதென்ஸ் நகரத்து நாடகாசிரியர் யூரிப்பிடிஸ், தோற்ற நகரத்துப் பெண்களை மேடையில் ஏற்றிப் போரின் விலையைப் பேசவைத்தார். உரோமக் கவிஞர் ஓவிட், காப்பியத் தலைவியர் தம் காதலருக்கும் கணவருக்கும் வரைந்த ஓலைகளாக ஒரு நூல் செய்தார். அதன் முதல் ஓலை பெனலோப்பி ஒடிசியசுக்கு எழுதுவது. அந்நூலை முன்மாதிரியாகக் கொண்டு வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் 1862இல் ‘வீராங்கனா’ என்னும் காவியத்தை இயற்றினார். அதிலே சகுந்தலையும் திரௌபதியும் மாத்திரமல்ல, கைகேயியும் சூர்ப்பணகையுங்கூட ஓலை எழுதுகின்றனர். இவ்வாறு கிரேக்கக் கதைகளுக்குச் செய்யப்பட்ட மறுகூறல் நூற்றாண்டுகளைக் கடந்து பாரத நாட்டின் இதிகாசங்களோடு கைகோத்துக் கொண்டது.

பாரத நாட்டிலும் இதற்கு வேர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டு வங்கத்தில் வாழ்ந்த சந்திராவதி என்னும் பெண்கவி, இராமாயணத்தைச் சீதையின் துயரக் கதையாகவே பாடினார். கணவன் அண்ணனுடன் வனம் புகுந்த 14 ஆண்டுகளும் அரண்மனையிலே தனித்துக் கிடந்த ஊர்மிளையை வால்மீகி மறந்தாலும், தெலுங்குப் பெண்கள் மறக்கவில்லை. அவளுடைய நீண்ட நித்திரையைப் பாட்டாகப் பாடி வந்தனர். நம் காலத்தில் ஒடிய எழுத்தாளர் பிரதிபா ராய் 1984இல் எழுதிய ‘யாக்ஞசேனி’ நாவலிலே திரௌபதி தன் வாழ்வைக் கண்ணனுக்குக் கடிதமாக வரைகின்றாள். தெலுங்கு எழுத்தாளர் வோல்கா தமது ‘விமுக்த’ கதைகளிலே சீதையைச் சூர்ப்பணகை, அகலிகை, இரேணுகை, ஊர்மிளை ஆகியோருடன் சந்திக்க வைக்கின்றார். அந்நூல் 2015இல் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்றது.

புதுமைப்பித்தன் கண்ட அகலிகை

தமிழில் இத்துறையின் சிகரம் எதுவென்று வினவினால், நாம் தயங்காது சுட்டுவது புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ என்ற சிறுகதையை. 1943ஆம் ஆண்டு ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது அது.

கம்பராமாயணத்து அகலிகைப் படலத்தை நாம் வகுப்பிலே கற்பித்துக் கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், கல்லாய்க் கிடந்த அவ்வளவு காலமும் அவ என்ன நினைச்சிருப்பா?” என்று கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆயினும் அது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று. பாடநூலிலே அதற்கு விடை இல்லை. மறுநாள் நாம் கொண்டுசென்று வாசித்துக் காட்டியது இந்தச் சாபவிமோசனத்தைத்தான்.

கதை தொடங்குமிடம், பாதையோரத்துக் கற்சிலை ஒன்றும் அதன் அருகே வளர்ந்த புற்றும். சிலை அகலிகை, புற்றினுள் இருப்பவர் தவத்தில் ஆழ்ந்த கௌதமர். சிறுவனாகிய இராமனின் பாதத் தூளி படச் சிலை உயிர் பெறுகின்றது. புற்றும் உடைந்து முனிவர் வெளிவருகின்றார். பழைய கதை இங்கே மங்களம் பாடி முடிந்துவிடும். புதுமைப்பித்தனோ இங்கேதான் தொடங்குகின்றார். சாபம் நீங்கிய பின் அந்தப் பெண் எவ்வாறு வாழ்ந்தாள்? இதுவே அவர் எழுப்பும் வினா.

கணவர் அவளை மனமார ஏற்றுக்கொள்கின்றார். கடுஞ்சொல் ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் அகலிகையின் நெஞ்சு ஆறவில்லை. எவர் எதைப் பேசினாலும் அதற்குள் மற்றொரு பொருள் ஒளிந்திருப்பதாக அவள் நடுங்குகின்றாள். காணும் ஆடவரிலெல்லாம் இந்திரனின் சாயல் தெரிகின்றது. பேச்சுக் குறைந்து, தன் நிழலுக்கே அஞ்சுபவளாய் ஆகின்றாள். அவளுக்கு இருக்கும் ஒரே ஆறுதல், தன் குற்றத்தைப் பொருட்படுத்தாது உயிர் கொடுத்த இராமன்.

ஆண்டுகள் செல்கின்றன. வனவாசம் முடிந்து திரும்பிய இராமனும் சீதையும் அந்தக் குடிலுக்கு வருகின்றனர். பெண்கள் இருவரும் தனித்திருந்து பேசுகையில், இலங்கையிலே தான் தீக்குளிக்க நேர்ந்ததைச் சீதை சொல்கின்றாள். அகலிகை துடித்துப் போகின்றாள். அவனா கேட்டான், நீ ஏன் உடன்பட்டாய் என்று வினவுகின்றாள். தன்னை மன்னித்தவனே தன் மனைவியைத் தீயில் இறங்க விட்டானா? தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா? அந்த நேரத்திலே அகலிகையின் உள்ளத்திற் கண்ணகியின் ஆவேசத்தையே ஆசிரியர் ஏற்றிக் காட்டுகின்றார். சீதையோ, உலகத்தார் கண்முன்னே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பதை அமைதியாகவே கூறிவிடுகின்றாள்.

இராமன் வெளியிலே நிற்கின்றான். அகலிகை அவனை வரவேற்க வரவில்லை. பின்னர் கௌதமர் அன்போடு நெருங்கியபோதும், அவரிலும் இந்திர வேடமே தெரிய, அகலிகை மீண்டும் கல்லாய்ச் சமைகின்றாள். முனிவர் துறவு பூண்டு வடக்கு நோக்கி நடக்கின்றார்.

இக்கதையில் தீயவர் எவருமில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். கௌதமர் நல்லவர், இராமன் அருளாளன், சீதை பொறுமையே உருவானவள். இருந்தும் ஒரு பெண் கல்லாகின்றாள். தனிமனிதர் எத்துணை நல்லவராயினும், ஊர் வைத்திருக்கும் அளவுகோல் வளைந்திருக்குமானால் மன்னிப்பு ஒருத்தியின் மனத்தைச் சென்று சேராது. இந்த உண்மையைக் கோபக் குரல் எழுப்பாது சொன்னமையாலேயே அக்கதை இன்றும் நம்மைச் சுடுகின்றது. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது புரியாமற் போகலாம், பிடிக்காமலும் போகலாம், அதனைத் தாம் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில் ஆசிரியர் முன்குறிப்பும் எழுதிவைத்தார்.

மாதவியும் சீதையும்

எம். வி. வெங்கட்ராம் ‘நித்தியகன்னி’ என்னும் நாவலுக்கு எடுத்துக்கொண்டது மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலுள்ள மாதவியின் கதை. ஒரு காது மட்டும் கறுத்த 800 வெண்குதிரைகளைக் குருதட்சிணையாகக் கொடுக்கவேண்டிய காலவன், யயாதி மன்னனிடம் உதவி கேட்கின்றான். மன்னனிடம் குதிரைகள் இல்லை. ஆகவே மகள் மாதவியைக் கொடுக்கின்றான். மூன்று அரசர்களிடம் அவளை முறையே விட்டு, ஒவ்வொருவரிடமும் 200 குதிரைகள் பெற்று, எஞ்சிய 200 குதிரைகளுக்கு ஈடாக விசுவாமித்திரரிடமே அவளை ஒப்படைக்கின்றான் காலவன். நால்வருக்கும் ஒவ்வொரு மகனைப் பெற்றுக் கொடுத்தாள் அவள். ஒவ்வொரு முறையும் மீண்டும் கன்னியாகும் வரம் அவளுக்கு இருந்ததாம். வரம் என்று பெயர் பெற்றது யாருக்கு வசதியாயிற்று என்பதே நாவல் எழுப்பும் வினா. முடிவிலே தந்தை சுயம்வரம் நடத்தியபோது, மூலக்கதையின் மாதவி மாலையிட்டது எந்த மன்னனுக்குமல்ல, காட்டுக்கு. தானாகத் தெரிவு செய்யும் உரிமை கிடைத்த ஒரே நாளில் அவள் செய்த தெரிவு அது!

அம்பை எழுதிய ‘அடவி’ என்ற கதை, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காட்டில் ஒரு மான்’ தொகுதியில் உள்ளது. இக்காலத்துப் பெண்ணொருத்தி காட்டுக்குச் சென்று தங்கி, சீதையின் கதையைச் சீதையே எழுதுவதாக எழுதுகின்றாள். அங்கே சீதை கேட்பது பழியும் பரிகாரமும் அன்று. தன் கையால் மீட்டக்கூடிய வீணை.

கைவைக்கலாமா?

பெரியோர் செய்த நூல்களிலே இவ்வாறு கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது பக்தியிலிருந்து எழும் அச்சம். ஆகவே மதிப்போடு விடை கூறுதல் நம் கடன்.

முதலாவதாக, பெரியோரே கைவைத்திருக்கின்றனர். வால்மீகியின் அகலிகை கல்லாகவில்லை. எவர் கண்ணுக்கும் தெரியாது, காற்றையே உண்டு, சாம்பலிலே கிடந்தாள். இராமனும் இலக்குவனும் அவள் பாதங்களை வணங்கினர் என்பது அங்குள்ள செய்தி. கம்பரிலே அவள் கல்லாகி, இராமன் பாதத் துகளால் எழுகின்றாள். கல்லுருக் கதை அதற்கும் முந்தியது. பரிபாடலின் 19ஆம் பாடலிலே, திருப்பரங்குன்றத்தில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களுள் பூனையான இந்திரனும், சினந்த கௌதமனும், கல்லுருவான அகலிகையும் காட்டப்படுகின்றனர். சீதையை இராவணன் உடலைப் பற்றித் தூக்கிச் சென்றான் என்றார் வால்மீகி. பர்ணசாலையோடும் நிலத்தோடும் பெயர்த்தெடுத்தான் என்றார் கம்பர். இன்னும் சிலர், சென்றது மாயாசீதையே என்றனர். கிரேக்கத்திலும் இதே கதை! துரோய் நகருக்குச் சென்றது ஹெலனின் மாய உருவமே. உண்மை ஹெலன் எகிப்திலே கற்போடிருந்தாள் என்று யூரிப்பிடிஸ் கி.மு. 412இல் நாடகம் செய்தார். காலந்தோறும் புலவர்கள் கதையைத் தம் காலத்து மனச்சாட்சிக்கு ஏற்பத் திருத்தியே வந்தனர்.

இரண்டாவதாக, இது யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. நம் கோயில்களிலே புராணபடனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். பாட்டு ஒன்றுதான், பயன் சொல்பவரின் கல்வியும் அனுபவமும் அதற்கு ஒவ்வொரு முறையும் புதிய ஒளி தருகின்றன. பெண்களின் மறுகூறல்களும் ஒருவகையிற் பயன் சொல்லுதலே. நெடுங்காலம் கேட்கும் பக்கத்தில் இருந்தவர்கள் இப்போது பயன் சொல்லும் பக்கத்துக்கு வந்திருக்கின்றனர், அவ்வளவே.

ஆயினும் மறுகூறல் என்ற பெயரில் வருவன அனைத்தும் நல்லவையென்று நாம் சொல்ல வரவில்லை. இராமனை இழித்து இராவணனை உயர்த்திவிட்டால் சீதை பேசிவிட்டதாகாது; ஆண்கள் இருவரின் ஆசனங்களை மாற்றியதாகவே முடியும். தலைவியின் வாயிலே இன்றைய மேடைப் பேச்சைத் திணிப்பதும் அவளை இன்னொரு முறை ஊமையாக்குவதே. நல்ல மறுகூறல், மூலத்திலேயே கேட்டு விடை பெறாதிருக்கும் கேள்வியைச் செவிகொடுத்துக் கேட்கும். தன்னை இழந்த பின் என்னை வைத்தாட உரிமை ஏது என்று திரௌபதி சபையிலே கேட்டாள். வீடுமர் தருமம் நுண்ணியது என்று சொல்லி ஒதுங்கினார். அக்கேள்வியை எழுப்பியவர் வியாசரே. பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிடும்போது, அதிலே தம் நாட்டின் அடிமைத்தனத்தையும் கண்டார். மூலத்துக்கு உண்மையாயிருந்தே தம் காலத்துக்கும் உண்மையாயிருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நம் வாசலிலே

இவையெல்லாம் ஏட்டோடு நின்றுவிடும் செய்திகளானால் நாம் இத்தனை நீட்டி எழுதவேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின், முகாம்களிலிருந்தும் தடுப்பு நிலையங்களிலிருந்தும் நம் ஊர்களுக்குத் திரும்பிய பெண்கள் பலர். அவர்களை நாம் எவ்வாறு ஏற்றோம்? சீதை இலங்கையிலிருந்து மீண்டபோது எழுந்த அதே முணுமுணுப்பு, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுந்ததில்லையா? அங்கே என்ன நடந்ததோ என்று இழுத்துவிட்ட பேச்சுகளால் கலியாணங்கள் குழம்பியதில்லையா? தீ மூட்டாமலே தீக்குளிக்க வைக்கும் வித்தை நம் சமூகத்துக்கு நன்கு தெரியும். அவ்வாறு ஊர் வாய்க்குள் அகப்பட்டுப் பேச்சொழிந்துபோன அகலிகைகள் எத்தனை பேர்!

பெனலோப்பி 20 ஆண்டுகள் காத்திருந்தாள் என்று உலகம் வியக்கின்றது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளையும் கணவரையும் தேடும் நம் தாய்மாரும் மனைவியரும் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே வீதியோரத்திற் பந்தலிட்டு அமர்ந்தனர். அவர்களுட் பலர் விடை அறியாமலே கண்மூடிவிட்டனர். ஒடிசியசுக்குத் திரும்பி வரும் பாதை இருந்தது. பெனலோப்பிக்கு ஒரு முடிவு கிடைத்தது. இவர்களுடைய காத்திருப்பை எந்தக் காப்பியம் பாடப்போகின்றது? ஆண்கள் பாடாவிட்டால் அவர்களே பாடுவார்கள். அப்போது அதனைக் கேட்கும் செவி நம்மிடம் இருத்தல் வேண்டும். பழைய கதைகளின் மறுகூறல் அந்தச் செவியைப் பழக்குகின்றது என்பதே நம் கருத்து.

பெற்றோருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளுக்கு இராமாயணமும் பாரதமும் சொல்லிக்கொடுங்கள். கதையைக் குறைக்காமற் சொல்லுங்கள். இடையிலே அவர்கள் கேள்வி கேட்டால், சாமி குற்றம் என்று வாயை அடக்காதீர்கள். மாணவர்களே, முதலில் மூலத்தைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். கம்பரை அறியாதவனுக்குப் புதுமைப்பித்தனின் அருமை புலப்படாது. கற்றபின், அந்தக் காப்பியத்தில் யார் அதிகம் பேசுகின்றார், யார் பேசாது நிற்கின்றார் என்று ஒரு தாளிலே குறித்துப் பாருங்கள். பேசாதவரின் பக்கத்திற் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். பெண்பிள்ளைகள் மட்டுமன்றி ஆண்பிள்ளைகளும் இப்பயிற்சியைச் செய்தல் நன்று. சாபவிமோசனத்தை எழுதியவர் ஓர் ஆண் என்பதை மறக்கலாகாது.

இலக்குவன் கொண்டுவந்த செய்தியைக் கேட்டு இராமன் கண்ணீர் உகுத்தான் என்றோம். கண்ணீர் உயர்ந்ததுதான். ஆனாற் சீதை கேட்டது கண்ணீரையன்று, நியாயத்தை. அந்த விடையை எழுதவேண்டிய பொறுப்பு, அவள் கதையைப் படித்து வளர்ந்த நம் எல்லோரையும் சார்ந்தது.